லீஹாவின் மோட்டாரும் சிவப்புப் பொட்டும்

புதாய்க் கழிக்கரையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகும் லீஹாவுக்குச் சிப்பி நாற்றம் பழகவில்லை. மற்றப் பெண்கள் சிப்பி ஓட்டுக் குவியலின்மேல் உட்கார்ந்து பால்மீன் கஞ்சி குடிப்பார்கள், பல் குத்துவார்கள், அங்கேயே சாய்ந்து தூங்கக்கூடச் செய்வார்கள். லீஹா முகத்துணியைக் கண்வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டு, செத்த எலியைப் புரட்டுகிறவள்போல ஒவ்வொரு சிப்பியையும் திறப்பாள். ஆனால் அவள் கத்தி பட்டுச் சதை கிழிந்ததாக யாரும் சொன்னதில்லை. "அருவருப்பு இருந்தாத்தான் கை சுத்தமா இருக்கும்" என்பது அவள் கட்சி.

அவள் அருவருக்காத பொருள் ஊரில் இல்லை. சேறு, ஈ, பக்கத்துவீட்டுக்காரர் தொண்டையைச் செருமும் விதம், புருஷன் சுய்லாய் பாக்கு மென்று துப்பும் சிவப்பு எச்சில், வாதத்தில் வீங்கிப்போன அவன் கால் கட்டைவிரல். சுய்லாய் அவள் முதுகுக்குப் பின்னால் அவளை 'த்தூ அம்மா' என்றுதான் குறிப்பிடுவான். அது அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரும் அவளுக்கு அருவருப்புதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, படகின் பின்னால் தொங்கும் அந்தக் கிழட்டு மோட்டார். அதன் மூடி எப்போதோ வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது பழுத்த பல்லின் நிறம். எண்ணெய் கக்கும், புகை கக்கும், மனம் இருந்தால் ஓடும். போன வாரம் பொறி வராமல் அடியோடு நின்றுபோக, சுய்லாயின் தம்பி எங்பின் வந்தான். கோயிலுக்கு எதிரே ஸ்கூட்டர் பழுதுபார்க்கிறவன். மோட்டாரின் சக்கரத்தைக் கழற்றி, பொறியை மூட்டும் தேய்ந்த பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டிக் கொடுத்தான். பொறி நீலமாகப் பறந்தது. மோட்டார் மட்டும் ஓடவில்லை.

இப்போது தெற்கே புயல் கிளம்பியிருந்தது. லீஹாவின் சிப்பித் தெப்பம் மணல் திட்டுக்கு வெளியே, திறந்த கடலில் மிதந்துகொண்டிருந்தது. மூங்கில் தெப்பம், அதற்குக் கீழே கொத்துக் கொத்தாக ஒரு வருஷத்து உழைப்பு தொங்கியது. சாயங்காலத்துக்குள் அதை இழுத்து வந்து உள்கால்வாயில் கட்டாவிட்டால், விடியும்போது மூங்கில் குச்சிதான் மிஞ்சும். ஊரார் எல்லாரும் அவரவர் தெப்பத்தை இழுக்கப் போய்விட்டார்கள். இருந்திருந்தாலும் லீஹா உதவி கேட்டிருக்க மாட்டாள். எவன் படகிலும் சுத்தம் கிடையாது.

அவள் இழுகயிற்றைப் பிடித்து இழுத்தாள். மோட்டார் ஒரு தும்மல் தும்மி, கயிற்றை வெடுக்கென்று திரும்பப் பிடுங்கியது. மணிக்கட்டு விண்ணென்றது.

"த்தூ! கடிக்குது பாரு, சனியன்!"

"கார்பரேட்டர்ல தண்ணி இருக்கும்" என்றான் சுய்லாய். வீங்கிய காலைக் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் நீட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தான்.

"காலையில நான்தான் அதைக் கழுவினேன். உன் வாயைவிட அது சுத்தமா இருக்கு."

"அப்ப பிளக்கு."

"பிளக்கு புதுசு. எண்ணெய் புதுசு. இங்க பழசா இருக்கிறது நீ மட்டுந்தான்யா."

இன்றைக்கும் வந்திருந்த எங்பின் குனிந்து மூடியைத் திறந்தான். "அண்ணி, இது டைமிங்தான். பொறி வரவேண்டிய நேரத்துக்கு முன்னாடியே வந்துடுது. பிஸ்டன் மேல ஏறி முடிக்கறதுக்குள்ள வெடிச்சா, அது திருப்பித்தானே உதைக்கும்?"

"அதை மாட்டுனது யாரு?"

"நான்தான். ஆனா குறி பார்த்துத்தான் மாட்டினேன்." அவன் தன் சிகரெட் பெட்டியின் மேல் உறையாக இருந்த கண்ணாடித்தாளில் ஒரு துண்டு கிழித்து, பாயிண்டின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே செருகினான். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினான். விளிம்பில் இருந்த சிவப்புப் பொட்டு அம்புக்குறிக்கு நேராக வந்த கணம், பாயிண்ட் வாயைத் திறந்து தாளை விட்டது. "பாருங்க! இந்த இடத்துலதான் பொறி. மயிரிழை தப்பல."

லீஹா இழுத்தாள். மோட்டார் திரும்ப உதைத்தது. இந்தத் தடவை கார்பரேட்டர் வழியாக எண்ணெயையும் அவள் முகத்துணியில் துப்பியது.

எங்பின் ஓரடி பின்வாங்கினான். சுய்லாய் சிரிப்பை மறைக்க இன்னொரு பாக்கை வாயில் போட்டான். தூரத்தில் வேறு யாருடைய தெப்பமோ ஆடி ஆடி உள்ளே வந்துகொண்டிருந்தது.

லீஹா முகத்துணியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சக்கரத்தின் மேல் குனிந்தாள். "இது என்ன சிவப்பு?"

"கம்பெனி வச்ச குறி, அண்ணி."

"கம்பெனிக்காரன் இவ்ளோ அசிங்கமாவா வைப்பான்? வழிஞ்சு கெடக்கு பாரு, மூக்குச்சளி மாதிரி. தூரிகையால தொட்டு வச்சது இது." அவள் நகத்தால் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது. முகர்ந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "யோவ்! படகுக்குக் கண் தெறந்தோமே, அன்னைக்கு என்ன பண்ணின நீ?"

"நான் என்ன பண்ணினேன்?"

"பூசாரி சேவல் கொண்டையைக் குத்தி, ரத்தத்தைச் சிந்தூரத்துல கொழைச்சு, முன்னால வரைஞ்ச ரெண்டு கண்ணுக்கும் பொட்டு வச்சாரு. அதோட விட்டியா? அவரு அங்கியைப் பிடிச்சுத் தொங்கினியே, ஞாபகம் இல்ல?"

சுய்லாயின் தாடை நின்றது. பாக்குச் சாறு உதட்டோரம் வழிந்தது. "அட... ஆமா."

"'சாமி, கண்ணு முன்னால இருக்கு, தள்ளுறது பின்னால இருக்கு, அது குருடா இருக்கலாமா'ன்னு கேட்ட. அந்த மனுஷன் தொல்லை தாங்காம மூடியைத் தொறந்து இதுக்கும் ஒண்ணு வச்சாரு. எனக்கு மறக்குமா? சேவலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான். புதுச் சட்டைமேல பேண்டு வச்சுது அது!"

எங்பின் பொட்டைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, நான் சாமி குறிக்கா டைமிங் வச்சேன்?"

"வச்சதுல தப்பில்ல" என்றான் சுய்லாய். "சாமிக்கு அவசரம்."

லீஹா சோற்றுப் பெட்டியிலிருந்து சாப்பிடும் மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, மேல் பிளக்கைக் கழற்றிய ஓட்டைக்குள் விட்டாள். எங்பின் சக்கரத்தைச் சுற்ற, உள்ளே பிஸ்டன் ஏற ஏறக் குச்சியும் ஏறியது. அது பாதி வழியில் இருக்கும்போதே சிவப்புப் பொட்டு அம்பைத் தாண்டிப் போய்விட்டது. குச்சி உச்சியைத் தொடப்போகிற இடத்தில் அவள் சுற்றுவதை நிறுத்தச் சொன்னாள். அம்புக்கு நேரே கருப்புப் பிசுக்கு அப்பியிருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே கத்தி முனையால் வழித்தாள். அடியில் உளியால் வெட்டியதுபோல ஒரு கோடு. மெல்லியது, நேரானது, சுத்தமானது. அந்த மோட்டாரில் அவளுக்குப் பிடித்த முதல் பொருள்.

எங்பின் பாயிண்டைத் தளர்த்தி, தாளைச் செருகி, அந்தக் கோட்டுக்கு வைத்து முடுக்கி, பிளக்கையும் திரும்ப மாட்டினான். பிறகு பெட்ரோலில் நனைத்த துணியோடு பொட்டை நோக்கிப் போனான். லீஹா அவன் கையில் ஒரு அடி வைத்தாள்.

"கையை எடு."

"அழிச்சிடறேன் அண்ணி. அடுத்த தடவை மறுபடியும் குழப்பம் வரும்."

"வந்தா வரட்டும். அதைத் தொட்ட, உன் கையை ஒடிப்பேன்."

"அசிங்கமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அசிங்கந்தான். எங்க வீட்டு அசிங்கம்."

கயிற்றை இழுத்தாள். மோட்டார் ஒரே இழுப்பில், ஒன்றுமே நடக்காததுபோல, ஓடத் தொடங்கியது.

மணல் திட்டுக்கு வெளியே அலை கரும்பச்சையாக எழுந்துகொண்டிருந்தது. எங்பின் தெப்பத்தில் தாவிக் கயிறு கட்டினான்; இரண்டு தடவை வாந்தி எடுத்தான்; லீஹா இரண்டு தடவையும் வேறு பக்கம் பார்த்தாள். மூங்கில்கள் பல் கடிப்பதுபோல் நறநறத்தன. திட்டின் வாயில் ஓர் அலை தெப்பத்தைத் தூக்கிப் போட்டதில், ஓரத்துச் சிப்பிக் கொத்து வரிசை முழுக்க அறுந்து போயிற்று. எங்பின் அலறினான். லீஹா திரும்பவில்லை. விசையைத் திருகிப் பிடித்தபடி, மோட்டார் சத்தம் ஒரு சொட்டாவது மாறுகிறதா என்று காதைக் கூர்மையாக வைத்திருந்தாள். மாறவில்லை. மிச்சத் தெப்பம் பின்னாலேயே வந்தது.

உள்கால்வாயில் நுழைந்தபோது மழை சாய்வாக அடித்தது. முளைக்கம்பத்துக்குப் பக்கத்தில், முழங்கால் அளவு சேற்றில், சுய்லாய் நின்றுகொண்டிருந்தான். வீங்கிய கால் சேற்றுக்குள். முகம் வலியில் கோணியிருந்தது. இரண்டு கையும் கயிற்றுக்காக நீண்டிருந்தன.

லீஹா கயிற்றை அவன் மூஞ்சியைப் பார்த்து வீசினாள். அவன் பிடித்துக் கம்பத்தில் சுற்றினான். மோட்டார் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அது இரையும்போதே, "ரொம்ப வலிக்குதாய்யா?" என்று கேட்டாள்.

"என்ன? கேக்கல!"

மோட்டாரை நிறுத்தினாள்.

"நீ நாறுறன்னு சொன்னேன். கரையேறு."