ஊர்த் தீர்ப்பில் வென்றவன்

கொழும்பில் நடந்த குத்துச்சண்டை இறுதிப் போட்டியில் பர்ஸான் தோற்றதை அவன் ஊரான கல்முனைக்குடி இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து நடுவர்களில் மூவர் எதிராளிக்குப் புள்ளி போட, மண்டபமே கூச்சலிட்டதாம். அவனோ விரிசல் விட்ட விலா எலும்போடும் வீங்கிய கண்ணோடும் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஊர் அவனைத் தோளில் தூக்கியது. விலா வலிக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அது கள்ளத் தீர்ப்பு. வெண்டது நீதான்" என்றார்கள், அவனோடு சம்மாந்துறை ஆலையில் நெல் மூட்டை தூக்குகிறவர்கள்.

மாமியார் சல்மா உம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருப்பதுதான் அங்கே வழக்கம். மருமகன் மெலிந்தால் மாமியைத்தான் ஊர் குறை சொல்லும். இவனோ அடிபட்டு வந்த மருமகன். காலையில் பராட்டா, பகலில் நெய்ச்சோறு, மாலையில் கருப்பட்டி இனிக்கும் வட்டிலப்பம்.

"தின்னுங்க மருமகன். அநியாயமா அடிவாங்கின ஒடம்பு."

டொக்டர் சொன்ன ஆறு வார ஓய்வு ஆறு மாதமானது. வென்றவனுக்கு எதற்குப் பயிற்சி? அறுபது கிலோக்காரன் எழுபதைத் தொட்டான். அடுத்த போட்டிக்கு அழைப்பு வந்தபோது "இனிப் போகல்ல" என்றுவிட்டான். உள்ளே இருந்தது பயம். இன்னொரு முறை அப்படி அடி வாங்க அவனால் முடியாது. அதை வெளியே சொல்லவும் முடியாது.

மனைவி றுஸ்னா கைபேசியில் அந்தச் சண்டையை ஓடவிட்டு, மூன்றாம் சுற்றில் நிறுத்தினாள்.

"கோவிக்கப்படாது. இஞ்ச பாருங்க, ஒங்கட இடது கை கீழ எறங்கிட்டு. அதுக்குப் பொறகு பதினொரு குத்து. நான் எண்ணினன். தோத்தது நீங்கதான்."

பர்ஸான் இரண்டு நாள் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தனியே போட்டுப் பார்த்தான். பதினொன்றேதான். கை இறங்கியதால் வந்த அடி, கையைத் தூக்கிப் பிடித்தால் வராது. அவ்வளவுதானா என்று அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் விடியலில் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் ஓடினான். சல்மா உம்மா வட்டிலப்பத் தட்டோடு வாசலில் நின்று அழாத குறை.

சில மாதம் கழித்து வந்த போட்டியில் அறுபத்து மூன்றரைக் கிலோப் பிரிவில் இறங்கினான். அதற்குக் கீழே போக மாமியின் சமையல் விடவில்லை. கை கடைசிவரை இறங்கவில்லை. ஐந்து நடுவர்களும் அவனுக்கே புள்ளி போட்டார்கள். ஊரில் பட்டாசு வெடித்தது. அவன் றுஸ்னாவுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"நீ சொல்லு. வெண்டது ஆரு?"

"கொஞ்சம் பொறுங்க. மூணாம் சுற்ற இன்னொருக்காப் பாத்திட்டுச் சொல்றன்."

ஐந்து நிமிடம் காத்திருந்தான்.

"ஓம். இந்தமுறை நீங்கதான்."

அதற்குப் பிறகுதான் பர்ஸான் பதக்கத்தை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.