சைக்கிளைப் பிடித்த ஏழு பேர்

இரவு ரயில் என்னை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டபோது காலை ஆறரை. மின்விசிறி சுற்றாத பெட்டியில் இரவு முழுக்க வெந்து, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கட்டிக்கொண்டுவந்த சாப்பாடும் புளித்துப்போயிருந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு பிளேன்ரீ குடித்தேன். அறுபது ரூபாய், சீனி அதிகம். நல்லூருக்கு வந்தீர்களா என்று கடைக்காரர் கேட்டார். கோவிலுக்கும் வரவில்லை, கலியாணத்துக்கும் வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற ஒரு பிள்ளையைத் திரும்பப் போகச் சொல்ல வந்திருந்தேன். அதைத் தேநீர்க் கடையில் எப்படிச் சொல்வது? ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

வறிய தோட்டக்காரக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளை உயர்தரம் வரை படிக்கவைக்கும் புலமைப்பரிசில் திட்டம் ஒன்று இங்கே நடக்கிறது. உதவி வெளிநாட்டிலிருந்து வரும். அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் தொலைபேசியில் ஒரு வழிகாட்டி. நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பவள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் என் பங்குப் பிள்ளைக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுத்தேன். அவளைக் கௌசி என்று வைத்துக்கொள்வோம். அது அவளுடைய பெயர் அல்ல. ஊரும் அளவெட்டிக்கு அப்பால் என்று மட்டும் சொல்வேன். பயணக் கட்டுரையில் ஊர்ப்பெயரை விடுவது கறிக்கு உப்பை விடுவதுபோல என்று எனக்கும் தெரியும். காரணம் போகப்போக விளங்கும்.

பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது கௌசி தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினாள். ஒரு செய்தி மட்டும் வந்தது: "அக்கா, நான் இனிப் பள்ளிக்கூடம் போகேல்லை. கோவிக்காதேங்கோ." கோபம் வரத்தான் செய்தது. அந்தப் பிள்ளைக்கு இரசாயனவியலில் மூல்கணக்கு விளங்கிய நாள், இருந்த இடத்தில் எழும்பித் துள்ளியவள் நான்.

காலை எட்டு மணிக்கு மானிப்பாய் பஸ் எடுத்தேன். எழுபது ரூபாய், நின்றபடி பயணம். திட்டத்தின் அமைப்பாளருடைய அலுவலகம், பழைய ஆஸ்பத்திரியைத் தாண்டி, ஒரு புத்தகக் கடையின் மாடியில். ஓய்வுபெற்ற மனிதர், வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை. விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுத் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"இதுக்குத்தான் பிள்ளை கோவிச்சுக்கொண்டு நிக்குது, மிஸ்."

படத்தில் ஒரு புதுச் சைக்கிள். அதை ஏழு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அமைப்பாளர் கைபிடியில், ஓர் அதிபர் மணியில், ஒரு பிரமுகர் இருக்கையில், மற்றவர்கள் எட்டிய இடத்தில். கௌசிக்கு மற்றக் கைபிடியின் நுனி கிடைத்திருந்தது. பின்னால் பெரிய பதாகை: லண்டனில் முதலாவது பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையின் சார்பில், வறுமைக்கோட்டின் கீழ் வாழும் மாணவிக்குத் துவிச்சக்கரவண்டி வழங்கல். கீழே அவளுடைய முழுப்பெயர், ஊர், தகப்பன் பெயர். மேசையில் கேக்கும் இருந்தது. அந்தக் குழந்தைக்காக இவள் வெட்டினாளாம்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே பதினாலு கைக்கும் தெரிந்திருந்தது.

"இதை முகநூலில் போட்டீங்களா, ஐயா?"

"போடாமல்? முந்தி ஒருத்தன் சனத்தின்ரை காசை அடிச்சுப்போட்டு ஓடினவன். அதுக்குப் பிறகு படம் காணாட்டி அங்கை ஒருத்தரும் நம்பமாட்டினம். படம் இல்லையெண்டா உதவி இல்லை. மற்றப் பிள்ளையளின்ரை படிப்பும் நிண்டுபோம்." பிறகு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி அவளுடைய முகத்தைக் காட்டினார். "வடிவாப் பாருங்கோ. பிள்ளை சிரிக்குதுதானே? பிடிக்காட்டி ஏன் சிரிக்குது?"

உண்மைதான், சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்பவராகவும் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டபின் படத்தை முகநூலிலிருந்து அந்த இடத்திலேயே அழித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அடுத்த நிகழ்வு. கௌசி வந்து மேடையில் நிற்கவேண்டும். வராவிட்டால் அவளுடைய இடம், காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்குப் போகும்.

"அதுக்கும் படம் எடுப்பீங்களா?"

"எடுக்கத்தானே வேணும், மிஸ்."

பத்தரை மணிக்கு ஓர் ஓட்டோ பிடித்தேன். அளவெட்டிப் பக்கம் ஆயிரத்து இருநூறு ரூபாய், பேசி ஆயிரமாக்கினேன். ஆவணி வெயிலில் செம்மண் கண்ணைக் கூசவைத்தது. அறுவடை முடிந்த வெங்காயத் தோட்டங்கள், நடுநடுவே புகையிலைக்குக் கொத்திப்போட்ட தரை. எங்கிருந்தோ நாதஸ்வரம் பழகும் சத்தம், ஒரே வரி திரும்பத் திரும்ப. நல்ல மனநிலையில் வந்திருந்தால் ரசித்திருப்பேன்.

"ஆற்றை வீட்டை போறியள், அக்கா?" என்று சாரதி கேட்டார். தகப்பனின் பெயரைச் சொன்னேன்.

"ஓ, சைக்கிள் பிள்ளையின்ரை வீடோ? தெரியும், தெரியும்."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அடையாளம் சொன்னார், அவ்வளவுதான்.

கௌசியின் வீடு இரண்டு அறையும் ஒரு தகரக் கொட்டிலும். கொட்டிலில் வெங்காயம் பிடிபிடியாகக் கட்டித் தொங்கியது. இறக்குமதி வந்து விலை விழுந்ததால் விற்காமல் வைத்திருந்தார்கள். அதன் கீழே அந்தச் சைக்கிள், சாக்கால் மூடியபடி. இருக்கையில் கடை உறைகூடக் கழற்றவில்லை. தகப்பன் மடித்துக்கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு எழுந்து வந்தார். தாய் கூலிக்குத் தோட்டம் போயிருந்தார். கௌசி வாசலில் வந்து நின்று "வாங்கோ அக்கா" என்றாள். இரண்டு வருடம் குரலாக மட்டும் தெரிந்த பிள்ளை. நான் நினைத்ததைவிட உயரம்.

மோர் வந்தது. படம் அழிந்துவிட்டது என்று முதலில் நல்லதைச் சொன்னேன்.

"அவர் தன்ரை போனிலை அழிச்சவர்," என்றாள் கௌசி. "எங்கடை ரியூசன் பெடியள் அதிலை ஸ்ரிக்கர் செய்து வைச்சிருக்கிறாங்கள். நான் பிந்திப் போனால் வகுப்புக் குறூப்பிலை அது வரும். கூடப் புள்ளி எடுத்தாலும் அது வரும்."

தகப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, நான் ஆரிட்டையும் கைநீட்டினது இல்லை. பிள்ளை கெட்டிக்காரி, அதுக்குப் பரிசு தருகினம் எண்டுதான் என்னட்டைச் சொன்னவை. நானும் வேட்டி கட்டிக்கொண்டு போய் முன்வரிசையிலை இருந்தனான். அந்தப் பதாகையை விரிச்சாப் பிறகுதான் வாசிச்சன். சுன்னாகம் சந்தையிலை இப்ப என்னைக் கண்டால், உங்களுக்கென்ன அண்ணை, லண்டன் பாக்குது எண்டுறாங்கள்."

ஞாயிற்றுக்கிழமை நிபந்தனையை அதற்குப் பிறகு சொல்வது எவ்வளவு கஷ்டம். ஆனாலும் சொன்னேன். படத்தில் நிற்க ஒரு நிமிடம், வாழ்க்கை அதைவிடப் பெரிது என்றெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கௌசி கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள்.

"திங்கட்கிழமை சுன்னாகத்திலை ஒரு புடைவைக்கடையிலை வேலைக்குச் சேருறன், அக்கா."

"சோதினை?"

"பார்ப்பம்."

எங்கள் ஆட்கள் "பார்ப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். மருத்துவபீடம் போகக்கூடிய பிள்ளை என்று நான் அளந்து சொல்லவில்லை. அவள் செய்த கணக்குகளைத் திருத்தியவள் நான்.

நாலு மணிக்குப் புறப்பட எழும்பினேன். தகப்பன் கொட்டிலுக்குள் போய் நல்லதாகப் பார்த்து இரண்டு பிடி வெங்காயத்தை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "வீட்டுக்குக் கொண்டுபோங்கோ, தங்கச்சி. வெறுங்கையோடை போகக்கூடாது." நான் கையை நீட்டினேன்.

"நில்லுங்கோ அக்கா," என்றாள் கௌசி. கையில் தொலைபேசி. "படம் எடுக்கவேணும்."

"என்ன பிள்ளை விளையாட்டு?" என்றார் தகப்பன்.

"விளையாட்டு இல்லை அப்பா, நீங்களும் ஒரு கை பிடியுங்கோ. அக்கா, கொஞ்சம் இஞ்சாலை. வெங்காயத்தைக் கீழை பதிக்காதேங்கோ, தெரியவேணும். அப்பாவைப் பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ. ம், சிரியுங்கோ."

அவள் குரலில் கேலி இல்லை. அன்று மேடையில் தனக்குச் சொன்னவற்றைத்தான் எனக்குச் சொல்கிறாள் என்று விளங்கியது. நான் என்ன முகத்துடன் நின்றேன் என்று தெரியாது. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. மற்றக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. தகப்பன் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேலிப் படலையில், என்னைத் திரும்பக் கூட்டிப்போக வந்த ஓட்டோச் சாரதி பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போய்விட மாட்டாரா என்றிருந்தது.

"ஒரு இடமும் போடமாட்டன், அக்கா," என்றாள். "பயப்பிடாதேங்கோ."

சுன்னாகம் நிலையத்தில் மாலை ரயில் அரை மணித்தியாலம் பிந்தி வந்தது. சந்தை கலைந்து, வாழை இலையும் அழுகிய தக்காளியும் தெருவில் கிடந்தன. புடைவைக்கடைகள் மூன்றைக் கண்டேன், எது அவளுடையது என்று கேட்கவில்லை. வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் அவளுக்காக வாங்கிவைத்த கடந்தகால வினாத்தாள்கள் இருக்கின்றன. அவற்றை இனி யாருக்குக் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் ஏறப்போகும் புதுப் பிள்ளைக்கா?

பளை தாண்டும்போது தொலைபேசி ஒலித்தது. கௌசி படத்தை அனுப்பியிருந்தாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. இரண்டு பிடி வெங்காயம், வேலியைப் பார்க்கும் ஒரு தகப்பன், நடுவில் நான். விரலால் பெரிதாக்கி என் முகத்தைப் பார்த்தேன்.

நன்றாகத்தான் சிரித்துக்கொண்டு நின்றேன்.