படகுக்குப் போன கிணற்று சுவிட்ச்

கோவில்பட்டியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ சுவிட்ச் வேண்டுமென்றால் பூவனநாதனிடம்தான் போக வேண்டும் என்று ஓட்டப்பிடாரம் வரைக்கும் பேச்சு. கரிசல் காட்டுக் கிணறு எப்படிப்பட்டது என்று தெரியாதவர்கள் யார்? ஒரு மணி நேரம் இறைத்தால் தண்ணீர் அடிப்பாறையில் போய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளாமை பார்க்கிற சம்சாரி கொஞ்சம் கண்ணயர்ந்தால் மோட்டார் வெறுங்காற்றைக் குடித்துக் கருகிப்போகும். அதற்காகவே அவர் அந்தச் சுவிட்சைச் செய்திருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் உருண்டை. அதற்குள் துளிப் பாதரசம் அடைத்த கண்ணாடிக் குழாய். தண்ணீர் இறங்கினால் உருண்டை தலை தொங்கும், பாதரசம் நகரும், மோட்டார் நிற்கும். கம்பி அறுந்தாலும் நிற்கும், குழாய் உடைந்தாலும் நிற்கும். எந்தக் கோளாறு வந்தாலும் மோட்டார் நின்றுதான் போகும். பதினெட்டு வருஷத்தில் அவர் சுவிட்ச் போட்ட கிணற்றில் ஒரு மோட்டார்கூடக் கருகியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு இருக்கத்தான் செய்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆவணியில் மருமகன் சங்கரபாண்டி வந்தான். எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. தொடர்ந்து மழை பொய்த்ததில், தெரிந்த டீசல் எஞ்சின் வேலையை வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில் விசைப்படகுக்கு டிரைவராகப் போயிருந்தான். மகள் பொன்மணியும் அங்கேதான் இருந்தாள். மரப்படகு என்றால் அடிப்பலகைக்குக் கீழே எந்நேரமும் தண்ணீர் கசிந்து தேங்கும். அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படகு முதலாளி அழகிரிசாமி அதற்கென்று பேட்டரியில் ஓடுகிற சின்னப் பம்ப் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். பம்ப் நல்ல பம்ப்தான். தண்ணீர் ஏறினால் தானாக அதை ஓட விடுகிற சுவிட்ச்தான் சரியாக வாய்க்கவில்லை. கடையில் வாங்கிய இரண்டும் இரண்டு மாதம் தாங்கவில்லை.

“உங்க கையால ஒண்ணு செஞ்சு தாங்க மாமா. கிணத்துல இத்தனை வருஷம் நிக்கிது, படகுல நிக்காதா?” என்று கேட்டான்.

மருமகன் கேட்டுவிட்டானே. பூவனநாதனுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். உருண்டைக்குள் இருந்த குழாயைத் திருப்பி வைத்தார். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் நிற்கும், படகில் தண்ணீர் ஏறினால் ஓடும். வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்தார். வீட்டில் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர் ஒரு வாளி நிறைய எடுத்து, உருண்டையை அமுக்கியும் விட்டும் நூறு தடவை பார்த்தார். வாரம் ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் எந்தப் பெண்பிள்ளை சும்மா இருப்பாள்? அவர் சம்சாரம் வெள்ளைத்தாய் வாளியை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“எங்களுக்குக் குடிக்க வச்சிருக்கியளா, இல்ல அந்தப் பந்துக்கா?”

“மாப்ளைக்குத்தாண்டி.”

“சரி, அது நின்னு போச்சுன்னா?”

“நின்னா என்ன? மோட்டார் தப்பிச்சிரும்” என்றார்.

சொன்னவருக்கும் அது உறைக்கவில்லை, கேட்டவளுக்கும் உறைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தே வளர்ந்த சனம். தண்ணீர் வந்துவிடுமோ என்று பயப்பட அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சுவிட்ச் படகுக்குப் போயிற்று. புரட்டாசி முழுக்க நல்ல பேச்சுத்தான். முன்னெல்லாம் மணிக்கொருதரம் பலகையைத் தூக்கிப் பார்ப்பார்களாம். இப்போது பார்ப்பதே இல்லையாம். இதைப் பொன்மணி பக்கத்துக் கடையிலிருந்து போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில், சோலைராஜ் என்கிற சம்சாரி பழைய சுவிட்ச் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கம்பி அறுந்திருந்தது. அவருக்கு வருத்தமே இல்லை. “நாலு நாளா செத்துக் கெடந்திருக்கு அண்ணாச்சி, எனக்குத் தெரியவே இல்ல. நல்ல வேளை, மோட்டார் நின்னே கெடந்துச்சு” என்று சிரித்தார்.

பூவனநாதனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. நாலு நாள் செத்துக் கிடந்தது, தெரியவே இல்லை, நின்னே கிடந்தது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் நெஞ்சில் இறங்கின. கிணற்றில் நின்றால் மோட்டார் பிழைக்கும். படகில் நின்றால்? கம்பி இணைப்பை வழக்கம்போல டேப் சுற்றித்தான் கொடுத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. அங்கே பலகையைத் தூக்கிப் பார்க்கிறவரும் இல்லை.

கடையைச் சாத்தாமலே எழுந்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிப் பேருந்தில் ஏறினார். எட்டயபுரம் தாண்டும்போது கிழக்கே வானம் ஈயத் தகடு மாதிரி கிடந்தது. மழைக்காக ஏங்கிக் கிடந்த கரிசல் முழுக்க, அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்படுகிற முகங்கள். அந்தப் பேருந்தில் மழை வேண்டாம் என்று கும்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

கரையில் இறங்கியபோது மணி ஒன்று. படகு விடியுமுன்னே போய்விட்டது, பொழுது சாயத்தான் வரும் என்றார்கள். அழகிரிசாமி வலைக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார். பூவனநாதன் விஷயத்தைச் சொன்னதும் அவர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

“உங்க சுவிட்சு அதுபாட்டுக்கு வேலை செய்யுது அண்ணாச்சி. நீங்க ஏன் வெந்து சாவுதீய?”

“கடைசியா அது ஓடுனதை ஆரு பாத்தது?”

அழகிரிசாமி யோசித்தார். அதற்குமேல் அவரும் உட்காரவில்லை, கரைக்கு வந்து இவர் பக்கத்தில் நின்றுகொண்டார். பொன்மணிக்குச் சொல்லலாமா என்று பூவனநாதன் இரண்டு தடவை தெருப் பக்கம் நடந்தார், இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டார். என்னவென்று சொல்வது? உன் புருஷனை நான் செய்த பந்தை நம்பி அனுப்பியிருக்கிறேன் என்றா?

நாலு மணிக்கு மேல் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. பின்னால் வரவேண்டியதெல்லாம் வந்தது. சங்கரபாண்டியின் படகு மட்டும் வரவில்லை. கடைசியில் இன்னொரு படகு அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராக அமிழ்ந்திருந்தது. அதில் போன ஐந்து பேரும் வாளியும் சட்டியுமாக இறைத்துக்கொண்டிருந்தார்கள். பூவனநாதன் ஐந்து தலைகளையும் எண்ணினார், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

எஞ்சின் நின்றபிறகுதான் பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். முழங்கால் அளவு தண்ணீர். சுவிட்சின் கம்பி இணைப்பு பச்சைக் களிம்பு பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. அது செத்து எத்தனை நாளோ.

“ஒண்ணுமே சொல்லாம செத்துப்போச்சு மாமா” என்றான் சங்கரபாண்டி. குறை சொல்கிற தொனி அதில் இல்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

பூவனநாதன் ஊருக்குத் திரும்பவில்லை. எஞ்சினைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்த ஐந்து நாளும் கரையிலேயே கிடந்தார். இந்த முறை நல்ல தண்ணீரைத் தொடவில்லை. படகின் அடியில் கிடந்த அதே கசட்டுத் தண்ணீரை ஒரு டிரம்மில் அள்ளி வைத்தார். டீசலும் மீன் செதிளும் வலை நூலும் கலந்த குழம்பு அது. அதில் மூன்று விதச் சுவிட்சைப் போட்டு, ராத்திரி பகலாக ஆட்டினார். கீல் வைத்துத் தூக்குகிற சுவிட்சுக்கு முதல் நாளே அடியில் நூல் சிக்கித் தூக்கியபடி நின்றது. கம்பியில் ஏறி இறங்குகிற காந்த மிதவை மூன்றாம் நாள் செதிள் அப்பிப் பாதியில் நின்றது. பாதரச உருண்டை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது, அதில் பிடிக்க எதுவும் வெளியே இல்லை.

அதையே எடுத்தார். ஆனால் கிணற்றுக்காரப் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்தார். இணைப்பே இல்லாமல் ஒரே கம்பி, மேல்தட்டு வரைக்கும். அந்தக் கம்பி அறுந்தால் பம்ப் நிற்கக் கூடாது, ஓட வேண்டும் என்று, கம்பியில் மின்சாரம் நின்றதும் பம்பை ஓட விடுகிற ரிலே ஒன்றை இடையில் கட்டினார். பேட்டரி தீரும், பம்ப் கருகும் என்று அழகிரிசாமி முனகினார். கருகட்டும் என்றார் பூவனநாதன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. முதல் உருண்டைக்கு ஒரு சாண் மேலே இரண்டாவது உருண்டை ஒன்று, அதற்கு ஒரு மணி. முதலாவது ஏமாற்றினால் மணி அடிக்கும். எல்லாம் கட்டியபின், கிளம்புமுன் தினமும் இரண்டையும் கையால் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று ஐந்து பேரிடமும் சத்தியம் வாங்கினார்.

மனுஷர் இவ்வளவு செய்தார், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மார்கழியில் மகளைப் பார்க்க வந்தவர், நேரே படகில்தான் ஏறினார். பம்ப் சுவிட்ச் சரியாக இருந்தது. மணிக்குள் பழைய கைலித் துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்திருந்தது.

யார் செய்தது என்று கேட்டார். சங்கரபாண்டி முன்னால் வந்தான்.

“நாந்தான் மாமா. காத்து எந்திரிச்சா படகு சாயும், தண்ணி அந்த உருண்டைய ஒரு எத்து எத்தும். நாள் முழுக்க அடிக்கி. காது பொறுக்கல.”

உருண்டையை உயர்த்தினால் மணி அடங்கும். ஆனால் நிஜமாகத் தண்ணீர் ஏறும்போது அது சொல்வதும் தாமதமாகும். எவ்வளவு உயர்த்தலாம் என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு விரல் உயர்த்திக் கட்டினார். துணியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். மருமகனைத் திட்டவில்லை.

மறுநாள் விடியலில் அவர் பார்க்க, சங்கரபாண்டி இரண்டு உருண்டைகளையும் கையால் தூக்கினான். பம்ப் ஓடியது, மணியும் அடித்தது. படகு கிளம்பியது. மேற்கே கரிசலில் அன்றைக்கும் மழை இல்லை, கடல் மேல்தான் மேகம் கூடியிருந்தது. பூவனநாதன் ஈர மணலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். எஞ்சின் சத்தம் வெகுநேரம் கேட்டது. மணி அடிக்கிறதா, அடிக்கத் தேவையில்லாமல் சும்மா இருக்கிறதா, வேறொரு துணி ஏறிவிட்டதா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. பொழுது சாயும்வரை அவர் அங்கனதான் நின்றார்.