நாற்பத்தொரு வயதில் ஒரு பால்பல்

எனக்கு வயது நாற்பத்தொன்று. வாயில் இன்னும் ஒரு பால்பல் இருக்கிறது. போன கிழமைதான் எனக்கே தெரியவந்தது.

மேல்வரிசையில் வலப்பக்கக் கோரைப்பல் சின்ன வயதிலிருந்தே குட்டை. சிரித்தால் முதலில் அதுதான் தெரியும். அது ஆடத் தொடங்கி, சோறுகூட மெல்ல முடியாமல் போனதும், குருக்கள்மடத்தில் பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். வழியில் இரண்டு ஆமிச் சோதனைச்சாவடியில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, நடந்து, மறுபடி ஏறி... பல்வலியோடு அந்த வரிசையில் நின்றிருக்கிறீர்களா?

பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விழவேண்டிய பால்பல் விழவில்லையாம். அந்த இடத்தில் முளைக்கவேண்டிய பல், மேலே அண்ணத்துக்குள் குறுக்காகப் படுத்திருக்கிறதாம். முப்பது வருடமாக!

என்னென்ன செய்யலாம் என்று அலுக்காமல் சொன்னார். பல்முரசை வெட்டி, படுத்திருக்கும் பல்லைக் கம்பி கட்டி இழுக்கலாம் — அதற்கு மாதக்கணக்கில் கொழும்புக்கு அலையவேண்டும், இந்த வயதில் அது அசையுமா என்பதும் சந்தேகம். பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, கழற்றி மாட்டும் கட்டுப்பல் வைக்கலாம். இரண்டு பக்கமும் உள்ள பற்களை ராவி நிலையாகவும் கட்டலாம். ஆனால் நல்ல பற்களை ராவ அவருக்கே மனமில்லை. கடைசி வழி, ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு மெல்லிய கம்பியால் பிணைத்துக் கொஞ்சக் காலம் ஓட்டுவது.

பிடுங்குவதுதான் நல்லது என்றார். எனக்கும் சம்மதம். கொழும்புக்குப் போய், லொட்ஜில் தங்கி, தமிழன் என்று பொலிசில் பதிந்து... நினைக்கவே களைப்பாக இருந்தது. வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

மனைவி மீன் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"புடுங்க வேணாம்."

பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்தேன். விறைக்க ஊசி போடுவார்கள், வலிக்காது என்றேன்.

"அதுக்கில்ல. மறுகா உங்கள நான் எதை வச்சு அடையாளம் காட்டுற?"

போன வருடம் உன்னிச்சைப் பக்கம் வயல்வட்டைக்கு வெள்ளாமை வெட்டப் போன அவளுடைய தம்பி திரும்பி வரவில்லை. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். மூன்று உடல்கள். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாத நிலை. உயரத்தைப் பார்த்து ஒன்றைத் தம்பி என்றாள்; அடக்கமும் செய்தோம். அது தம்பிதானா? இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அந்த நினைப்பிலேயே பாதி ஆளாகிவிட்டாள். நான் வாதாடவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேண்டுமானால் கட்டுப்பல்லையும் இதே போலக் குட்டையாகவே செய்து தரலாம் என்றார்.

"அது கழண்டு விழுந்திட்டா?" என்று கேட்டாள் மனைவி.

டாக்டரம்மா கம்பியை எடுத்துப் பல்லைப் பிணைத்தார். இரண்டு மூன்று வருடம் நிற்கும், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை என்றார். இரண்டு மூன்று வருடம்! இங்கே அவ்வளவு தூரத்துக்கு யார் யோசிக்கிறார்கள்?

இப்போது நான் வேலைக்குக் கிளம்பும்போது படலை வரைக்கும் வந்து, ஒருதரம் சிரிக்கச் சொல்கிறாள். பல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.

பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம் — இந்த வயதிலும் என்ன அன்னியோன்னியம் என்று!