கையில் மணத்த பலா

அத்தனை பேர் முன்னால் என் அக்காவைப் பொய்க்காரி ஆக்கியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டுகிறாள். நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறாள். கிளினிக் நாளன்று காலை லயத்து வீடுகளின் பிள்ளைகளுக்குப் பலாப்பழம் பிளந்து சுளை எடுத்துக் கொடுத்தாள். ரப்பரோ பலாவோ, கையில் பால் பட்டால் எங்கள் ஆட்கள் தண்ணீர் தொடமாட்டார்கள். தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைப்பார்கள். அவளும் அப்படியே துடைத்துக்கொண்டு புறப்பட்டாள். லீவில் வந்திருந்த நானும் கூடப் போனேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவள் விரலை வெறும் பஞ்சால் ஒற்றிவிட்டுக் குத்தினார்.

"முந்நூறத் தாண்டுதே! பழம் தின்னீங்களா?"

"ஒரு சொளகூட வாயில வைக்கலங்கய்யா."

"பொரு சொல்லாதீங்க. கையில பலா மணக்குது, வாய் மட்டும் விரதமா?"

வரிசை சிரித்தது. சிங்களத்தில் சொன்னாலும் பொய் பொய்தான். அக்கா தலை குனிந்தாள். அவர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

இரண்டு நாள் கழித்து, வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே, இரத்தத்தில் சர்க்கரை இறங்கி வியர்த்து விழுந்தாள். பக்கத்து நிரையில் வெட்டியவள் பிளேன்டீக்கு வைத்திருந்த சீனியை வாயில் போட்டதால் பிழைத்தாள்.

கேகாலையில் அதேபோல சர்க்கரை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி, அதிலிருந்த தாளை வரி விடாமல் படித்தேன். இரத்தத்துளியைத் தொட்டுவைக்கும் பட்டையின் நுனியில் மெல்லிய உலோகப் பூச்சு. அதன்மேல் நொதி ஒன்றைக் காயவைத்திருக்கிறார்கள். நொதி குளுக்கோசிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து உலோகத்துக்குத் தருகிறது. அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டுகிறது. குளுக்கோஸ் இரத்தத்திலிருந்து வந்ததா, தோலில் ஒட்டிய பழச்சாற்றிலிருந்து வந்ததா என்று உலோகத்துக்குத் தெரியாது. கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லித் தாளிலேயே எழுதியிருக்கிறது.

எனக்கு நீரிழிவு இல்லை. பலாச்சுளை உரித்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, என் விரலையே குத்திப் பார்த்தேன். மீட்டர் என்னையும் நோயாளி என்றது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு என்னை விட்டுவிட்டது. மணந்தது என்று டிஸ்பென்சரே சொன்னாரே! மூக்குக்கு எட்டியது, கேலிக்குப் பயன்பட்டதே தவிர மருத்துவத்துக்குப் பயன்படவில்லை.

மறுநாளே அக்காவை அழைத்துப்போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்பென்சரியில் குழாய் இல்லை. கொண்டுபோன போத்தல் தண்ணீரில் அக்கா வாசலிலேயே கை கழுவினாள்.

"என்னக்கா, கல்யாண விருந்தா?" என்றாள் வரிசையில் ஒருத்தி.

இம்முறை நூற்று முப்பதுக்குள் நின்றது. அவர் பழைய அளவுக்கே மாத்திரையைக் குறைத்தார்.

"பாத்தீங்களா, வாயக் கட்டினா தானா எறங்குது."

"கட்டினது வாயை இல்லங்க, கழுவினது கையை," என்றேன்.

"சரி, சரி. அதான் கொறைச்சிட்டேனே."

அக்கா எழுந்திருக்கவில்லை. "ஐயா, நான் பொரு சொல்லலன்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் அவள் தலைக்கு மேலாக வரிசையைப் பார்த்தார்.

"அடுத்த ஆள் வாங்க."