பியர் வரிசையில் தொப்பியைக் கழற்றினேன்

மொன்றியலில், லாசாலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சொந்தமாகப் பியர் தயாரித்து விற்கும் சிறிய கடை இருக்கிறது. அவ்வப்போது செர்ரிப்பழம் போட்டு ஊறவைத்த பியரை, கொஞ்சப் போத்தல்கள் மட்டும், ஆளுக்கு ஒன்றாக விற்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆனால் எங்கள் தமிழ் ஆட்கள் யாரும் கண்டுவிடக் கூடாதென்று ஜக்கெட் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்பேன்.

கடந்த மாதம் பனியில் நெடுநேரம் நின்று கடை வாசலை நெருங்கிவிட்டேன். அப்போது கோயிலில் அன்னதானம் பரிமாறும் அண்ணை ஒருவர் காரில் வந்து இறங்கினார். என்னை அடையாளம் கண்டு வரிசையில் என் பக்கத்தில் வந்து நுழைந்தார்.

"தங்கச்சி, நான் உம்மோடதான் வந்தனான் எண்டு சொல்லும்."

"பின்னால போய் நில்லுங்கோ அண்ணை. இவ்வளவு சனமும் குளிருக்க நிக்குதெல்லே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீர் இஞ்ச நிண்டதைக் கோயில்ல சொன்னா எப்பிடி இருக்கும்?"

முதலில் பயந்துதான் போனேன். பிறகு கோபம் வந்தது. தொப்பியைக் கழற்றினேன்.

"தாராளமாச் சொல்லுங்கோ. நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

அவர் வரிசையின் கடைசிக்குப் போனார். அவருடைய முறை வருமுன் பியர் முடிந்துவிட்டது.

விற்கிற பெண்ணிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்: வரும்போதே ஆளுக்கொரு இலக்கத் துண்டு கொடுங்கள், துண்டில்லாதவர் முதலாளியின் நண்பரானாலும் விற்காதீர்கள்.

இப்போதும் அங்கே போகிறேன். தொப்பி போடுவதில்லை. காது விறைத்தால் விறைக்கட்டும், நிற்பது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.