சுருள் வாய்க்காலும் பாப்பாரப்பட்டி போர் தண்ணீரும்

எங்கள் ஆய்வகத்தைப் பெருக்கும் சரோஜா அக்கா ஒருநாள் கேட்டார்: "பாப்பாரப்பட்டி பக்கம் எந்தங்கச்சி வூட்ல புதுசா போர் போட்டிருக்காங்க. அந்தத் தண்ணி குடிக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்களேன்." தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சிறு வயதிலிருந்து அதைக் குடித்தால் பல் காவியேறிவிடும். அதைக் கண்டறியும் சில்லு, அதாவது ஒரு சின்ன சோதனை 'சிப்'தான் என் முனைவர் பட்ட ஆய்வே. போகாமல் இருப்பேனா? மே மாதத்தில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

சேலத்தில் காலை ஆறரைக்குப் பேருந்து ஏறி எட்டு மணிக்குத் தருமபுரி. அங்கிருந்து பாப்பாரப்பட்டிக்குப் பதினேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்; நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு ஷேர் ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், இருபது ரூபாய்.

சரோஜா அக்காவின் தங்கை மாதம்மா வாசலிலேயே காத்திருந்தார். மூத்த மகள் கலாவுக்குப் பன்னிரண்டு வயது. சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சின்னவளுக்கு மூன்று வயது, பல்லெல்லாம் இன்னும் பால்பல். "குழாய்ல ஆத்துத் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காதாங்க வருது. சின்னவளுக்கு அதமட்டுந்தான் குடுக்கறேன். இந்தப் போர் தண்ணி நல்லதுன்னு ஆயிட்டா கவலயில்லீங்க" என்றார் மாதம்மா.

சில்லு தீப்பெட்டி அளவுதான். அதற்குள் முடியளவு அகலத்தில் ஒரு வாய்க்கால், கொசுவர்த்திச் சுருள் போல வளைந்து வளைந்து போகும். ஒரு வாயில் தண்ணீர், மறு வாயில் சிவப்புச் சாயம். ஃபுளோரைடு அதிகமிருந்தால் சாயம் மஞ்சளாகும், இல்லையென்றால் சிவப்பாகவே நிற்கும். இவ்வளவு சிறிய வாய்க்காலில் இரண்டு நீரும் பக்கத்துப் பக்கமாக ஓடுமே தவிர லேசில் கலக்காது. வேகமாகத் தள்ளினால்தான் வளைவுகளில் உள்ளுக்குள் சுழி எழுந்து கலக்கும். ஆய்வகத்தில் அந்த வேகத்தைக் குட்டி பம்ப் பார்த்துக்கொள்ளும். நானோ பம்ப்பை அணைக்காமலே பையில் போட்டிருந்தேன். பேட்டரி செத்துப்போயிருந்தது.

சரி, கை இருக்கிறதே என்று, சில்லோடு குழாயால் இணைத்திருந்த சிரிஞ்சைப் பெருவிரலால் அழுத்தினேன். குழாய் பிய்த்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் பதமாகத்தான் அழுத்தினேன். கடைசியில் வந்தது சிவப்பு. "குடிக்கலாம் அக்கா" என்றேன். மாதம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பாப்பாரப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டே செல்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசிச் சுற்று வரை ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி வெறும் தண்ணீர். இரண்டும் கலக்கவே இல்லை. கலக்காத சாயம் சிவப்பாகத்தானே நிற்கும்! தனி ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்துத் திரும்பி ஓடினேன்.

இந்த முறை சிரிஞ்சை அழுத்தமாக, ஒரே வேகத்தில் தள்ளினேன். மூன்றாவது வளைவிலேயே கோடு கலைந்தது. முடிவில் நல்ல மஞ்சள். சந்தேகத்துக்கு ஒரு பாட்டில் மூடியில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கினேன், அதுவும் மஞ்சள். இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஆராய்ச்சி செய்கிறவளுக்கு மூடி போதவில்லை!

"இது குடிக்கக் கூடாது அக்கா. தப்பு என்மேல்தான்" என்றேன்.

மாதம்மா திட்டவில்லை. "நல்ல தண்ணின்னு சொன்னீங்களேன்னு ஆத்துத் தண்ணிய மாட்டுக்கு ஊத்திட்டு, கொடத்தயெல்லாம் கழுவி இதப் புடிச்சு வெச்சுட்டனுங்க. இனிமே வியாழக்கெழமதான் தண்ணி வரும்" என்று மட்டும் சொன்னார். கடைக்குப் போய் இருபது லிட்டர் கேன் இரண்டு வாங்கி வந்து வைத்தேன். அதனால் மனம் ஆறிவிடவில்லை.

இப்படிச் சில்லோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு: பம்ப்பை அணைத்துப் பையில் வையுங்கள். கையால் தள்ளினால் எல்லா வளைவுகளையும் படமெடுத்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். மூடியில் ஒருமுறை குலுக்கிச் சரிபாருங்கள். மாதிரி நீரைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் அளக்கும்வரை "குடிக்கலாம்" என்ற சொல் வாயில் வரக்கூடாது. பாப்பாரப்பட்டியிலிருந்து மாலை நான்கரைக்குத் தருமபுரிப் பேருந்து உண்டு.

அந்தப் பேருந்துக்காக நான் கிளம்பியபோது கலா தெருமுனை வரை கூட வந்தாள். "தப்பா சொன்னாலும் திரும்ப வந்து சொல்லிட்டீங்க இல்லக்கா" என்றாள். பிறகு வாயைக் கையால் மூடாமலே கேட்டாள்: "நான் பாப்பா மாதிரி சின்னதா இருந்தப்ப யாருமே வந்து தண்ணியப் பாக்கலீங்களா?"